பள்ளத்தூர் கார் ஷெட்: ஒரு வீட்டுப் பட்டறைக்குக் கருவிகள் தேர்ந்த நிகழ்வு ஆய்வு

ஆவணி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் பள்ளத்தூரிலிருந்து அழைப்பு வந்தது. "சார், வண்டி ஜாக்கியிலிருந்து விழுந்துவிட்டது. யாருக்கும் அடியில்லை. ஒரு நடை வந்து பார்க்க முடியுமா?" அழைத்தவர் என்னிடம் முன்பு மோட்டார் மெக்கானிக் மாலை வகுப்பில் படித்தவர். சென்னையில் கணினி வேலை, மாதம் ஒரு முறை சொந்த வீட்டுக்கு வருகை. காரைக்குடியிலிருந்து அரை மணி நேரத்துக்குள் போய்ச் சேர்ந்தேன். அங்கு கண்டதையும், அதன் பிறகு ஓராண்டில் அந்த ஷெட்டுக்கு என்னென்ன வாங்கினோம், எவற்றை வேண்டாம் என்று தள்ளினோம் என்பதையும் இங்கே முழுதாக எழுதுகிறேன். வீட்டில் காரைத் தானே பழுது பார்க்க ஆசைப்படும் பலர் இதே தவறான வரிசையில்தான் பணத்தைச் செலவிடுகிறார்கள் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

வீடு செட்டிநாட்டு முறைப்படி ஒரு தெருவில் முகப்பும் மறு தெருவில் பின்வாசலுமாக நீண்டது. பின்வாசலை ஒட்டித்தான் கார் ஷெட். ஓட்டுக் கூரை, பழைய சுண்ணாம்புச் சுவர், தரையில் ஆத்தங்குடிக் கல். கல் புதியது. ஷெட்டையும் வீட்டைப் போலவே வைத்துக்கொள்ள விரும்பி, வீட்டுக்காரரின் அப்பச்சி, அதாவது அப்பா, சில ஆண்டுகளுக்கு முன் பதித்தவை. உள்ளே இரண்டு கார்கள். ஒன்று 1985ஆம் ஆண்டு அம்பாசிடர், ஐயா (தாத்தா) காலத்து வண்டி. மற்றது மாருதி ஸ்விஃப்ட். அப்பச்சிக்கு எழுபதாவது வயதுச் சாந்தி தை மாதத்தில் வருகிறது. அன்று அவரை அந்த அம்பாசிடரில்தான் கோயிலுக்கு அழைத்துப் போக வேண்டும் என்பது மகனின் ஆசை. வேலை அங்கிருந்துதான் தொடங்கியது.

நடந்தது இதுதான். பின்பக்க பிரேக்கில் எண்ணெய்க் கசிவு. பிரேக்கை மூடியிருக்கும் இரண்டு டிரம்களையும் கழற்ற வேண்டும் என்பதால், சிறு சக்கரங்களில் உருளும் தள்ளு ஜாக்கியை, பின்அச்சின் நடுவில் உள்ள டிஃபரன்ஷியல் என்ற பல்சக்கரக் கூட்டுக்கு அடியில் வைத்து இரண்டு பின்சக்கரங்களையும் ஒரே நேரத்தில் தூக்கியிருக்கிறார். முன்சக்கரத்துக்கு முன்னால் ஒரு செம்புராங்கல் துண்டு. கைப்பிரேக் போட்டிருந்தது, கியரிலும் இருந்தது. இடது சக்கரத்தைக் கழற்றினார். டிரம் வரவில்லை. கைப்பிரேக்கைத் தளர்த்திவிட்டு, சுத்தியலால் சுற்றிலும் தட்டினார். நான்காவதோ ஐந்தாவதோ தட்டில் வண்டி மெல்ல முன்னால் நகர்ந்தது. செம்புராங்கல் பொடிந்தது. ஜாக்கி சாய, பின்பாகம் தரையில் இறங்கியது. டிரம்மின் பின்தட்டு வளைந்து, பிரேக் குழாய் அறுந்து, எண்ணெய் ஆத்தங்குடிக் கல்லில் பரவியது. தட்டுவதற்காக வெளியே குந்தியிருந்ததால் கை தப்பியது. ஐந்து நிமிடத்துக்கு முன்னால் அவர் வண்டிக்கு அடியில் தலையை விட்டு எண்ணெய்க் குழாயைப் பார்த்துக்கொண்டிருந்ததாக வீட்டைப் பார்த்துக்கொள்ளும் பெரியவர் சொன்னபோது எனக்குக் கை நடுங்கிவிட்டது.

கல் பொடிந்ததுதான் காரணம் என்று வீட்டில் எல்லோரும் முடிவு செய்திருந்தார்கள். அது கடைசிக் கண்ணி மட்டும்தான்.

அம்பாசிடர் பின்சக்கரத்தால் ஓடும் வண்டி. எஞ்சினின் பிடிப்பும் கைப்பிரேக்கின் பிடிப்பும் பின்சக்கரங்களுக்கே போகின்றன. அந்த இரண்டையும் தரையிலிருந்து தூக்கிவிட்டால், கியரில் நிறுத்தினாலும் கைப்பிரேக்கை எவ்வளவு இழுத்தாலும் வண்டியைப் பிடிக்க எதுவுமே இல்லை. தரையில் நிற்கும் முன்சக்கரங்கள் உருளத் தடையற்றவை. முன்சக்கரத்தால் ஓடும் ஸ்விஃப்ட்டில் இதே வேலையைச் செய்திருந்தால், கியர் முன்சக்கரங்களைப் பிடித்திருக்கும். அந்த வண்டியில் பல முறை செய்து தப்பியதுதான் இந்த வண்டியில் அவரை ஏமாற்றியது.

அடுத்தது தரை. மட்டக்குழாயில் தண்ணீர் ஊற்றிப் பார்த்தேன். ஆறு மீட்டர் நீளத்தில் பத்து சென்டிமீட்டர் சரிவு, வாசலை நோக்கி. மழைநீர் வெளியேற அந்தக் காலத்தில் கொடுத்த வாட்டம். கல் பதித்த கொத்தனாரும் அதை அப்படியே காத்திருக்கிறார். கண்ணுக்குத் தெரியாத வாட்டம், ஒரு டன்னுக்கு மேற்பட்ட வண்டிக்கு நன்றாகவே தெரியும்.

மூன்றாவதை யாரும் கவனிக்கவில்லை. தள்ளு ஜாக்கியின் கை நேராக மேலே எழுவதில்லை, வில்லாக வளைந்து எழுகிறது. அதனால் தூக்கும்போதும் இறக்கும்போதும் ஜாக்கி தன் சிறு சக்கரங்களில் சற்று முன்பின் உருள வேண்டும். இங்கே அந்த இரும்புச் சக்கரத்தின் கீழ் பூ வார்ப்புள்ள ஆத்தங்குடிக் கல் (பூக்கல்) ஒன்று நொறுங்கி, சக்கரம் அந்தப் பள்ளத்தில் சிக்கிக்கொண்டது. ஜாக்கி உருள முடியாதபோது, மேலே இருக்கும் கிண்ணம்தான் வண்டியின் அடியில் சறுக்கும். கிண்ணத்தில் சறுக்கிய கீறலை நானே பார்த்தேன். வண்டி நகர்வதற்கு முன்பே அது பாதி விழுந்த நிலையில்தான் நின்றிருக்கிறது.

ஆத்தங்குடிக் கல் சிமெண்ட், மணல், வண்ணப்பொடி கொண்டு கண்ணாடிப் பலகையின் மேல் கையால் வார்த்து, தண்ணீரில் ஊறவைத்துப் பதமாக்கும் கல். சூளையில் வேகவைத்தது அல்ல. நடந்து நடந்து மெருகேறும் தரை அது. ஒரு புள்ளியில் பாரத்தை நிறுத்தும் இரும்புக்கு அது ஏற்றதல்ல. எண்ணெயையும் உறிஞ்சிக்கொள்ளும். அன்று பரவிய பிரேக் எண்ணெயின் கறை இன்றும் இருக்கிறது.

பிறகு அலமாரியைத் திறந்தேன். இருநூற்றுச் சொச்சம் துண்டுகள் கொண்ட சாக்கெட் பெட்டி, பேட்டரியில் ஓடி நட்டைத் தட்டித் திருப்பும் இம்பாக்ட் ரெஞ்ச், பாலிஷ் இயந்திரம், தண்ணீரைப் பீய்ச்சும் பம்பு. ஏறக்குறைய 38,000 ரூபாய். எல்லாம் நல்ல பொருள்கள்தான். ஆனால் வண்டியைத் தாங்கும் ஸ்டாண்டு ஒன்றுகூட இல்லை. சக்கரத்துக்கு ஆப்பு இல்லை. தீயணைப்பான் இல்லை. நட்டைத் திருப்பும் கருவிகளுக்கு எல்லாப் பணமும் போயிருந்தது. வண்டியைத் தாங்கும் கருவிக்குப் போனது, இணையத்தில் வாங்கிய அந்த ஒரு ஜாக்கிக்கு மட்டும்.

நான் அவரிடம் கேட்டது ஒன்றே. "தம்பி, ஸ்பேனர் தவறினால் உங்களுக்கு என்ன ஆகும்?" விரல் முட்டி தேயும் என்றார். "ஜாக்கி தவறினால்?" பதில் சொல்லவில்லை. கருவி வாங்கும் வரிசையை அந்த இரண்டு கேள்விகளில் இருந்தே எழுதத் தொடங்கினோம்.

முதலில் ஸ்டாண்டு. மூன்று டன் ஸ்டாண்டு என்று அட்டைப்பெட்டியில் போட்டிருந்தால், அது ஒவ்வொன்றும் தாங்கும் எடையா, இரண்டும் சேர்ந்து தாங்குவதா என்பதைப் படித்துப் பார்க்க வேண்டும். சில தயாரிப்பாளர்கள் சோடிக்கான எடையைப் பெரிதாக அச்சிடுகிறார்கள். பல் கொண்டு ஏறும் வகையைவிட, குறுக்கே இரும்பு ஊசி செருகும் வகையை நான் விரும்புகிறேன். ஊசி செருகியிருக்கிறதா இல்லையா என்பதை இருட்டிலும் தடவிப் பார்த்துவிடலாம். நான்கு வாங்கினோம். இரண்டு போதுமே என்று கேட்டார். வண்டி மாதக்கணக்கில் நிற்கும் வீடு இது என்பதால் நான்குதான் சரி என்றேன். அதன் காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

ஸ்டாண்டின் நான்கு பாதங்களும் சேர்ந்து தரையைத் தொடும் பரப்பு மிகச் சிறியது. ஒரு பாதத்துக்குப் பத்து சதுர சென்டிமீட்டர் என்று வைத்தால் மொத்தம் நாற்பது. அதன் மேல் 300 கிலோ இறங்கினால், ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஏழரை கிலோ. அதே ஸ்டாண்டை 30க்கு 30 சென்டிமீட்டர் ஒட்டுப்பலகையின் மேல் வைத்தால் பாரம் 900 சதுர சென்டிமீட்டரில் பரவி, ஒரு கிலோவில் மூன்றிலொரு பங்காகிவிடுகிறது. முக்கால் அங்குல ஒட்டுப்பலகையில் நான்கு சதுரங்கள் வெட்டினோம். ஜாக்கி உருள்வதற்கு நீளவாக்கில் ஆறு மி.மீ. இரும்புத் தகடு ஒன்று. ஷெட்டில் வாங்கியவற்றிலேயே மலிவானவை இவைதான். மிக அதிகமாகப் பயன்பட்டவையும் இவைதான்.

ஆப்புக்கு ரப்பர் கிடைக்கிறது. நாங்கள் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில், பழைய வீடுகளைப் பிரித்த மரச்சாமான் விற்கும் கடை ஒன்றில் உத்தரக் கட்டையின் துண்டு வாங்கி, தச்சரிடம் கொடுத்து நான்கு ஆப்புகள் அறுத்துக்கொண்டோம். உயரம் சக்கரத்தின் உயரத்தில் கால் பங்கு, அடியில் பழைய டயர் ரப்பரை ஆணியடித்து ஒட்டியது. செம்புராங்கல் சுவர் கட்ட அருமையான கல். காற்றுப் பட்டால் இறுகும். ஆனால் ஓட்டையும் துளையுமான கல், ஓரத்தில் அழுத்தினால் உதிரும். அதைச் சக்கரத்துக்குக் கொடுக்கும் பழக்கம் எங்கள் ஊர்ப்பக்கம் எத்தனையோ வீடுகளில் இருக்கிறது. தயவுசெய்து விட்டுவிடுங்கள்.

பழைய ஜாக்கியைத் தூக்கிப் போடவில்லை. எண்ணெய் முத்திரைகள் நன்றாக இருந்தன. ஆனால் ஜாக்கி தூக்குவதற்கு மட்டும், தாங்குவதற்கு அல்ல என்று அதன் கைப்பிடியிலேயே வெள்ளைச் சாயத்தில் எழுதி வைத்தார் அவர். இனி ஒரு பக்கத்தைத் தூக்கி, ஸ்டாண்டில் இறக்கி, வண்டியைக் கையால் ஆட்டிப் பார்த்த பிறகே மறுபக்கம்.

ஸ்பேனர் விஷயத்தில் அம்பாசிடர் ஒரு பாடம். மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு என்ற பிரிட்டிஷ் காரின் வழிவந்த வண்டி அது. 1,489 சி.சி. பழைய பெட்ரோல் எஞ்சின் உள்ளதில் நட்டும் போல்ட்டும் பெரும்பாலும் அங்குல அளவு. அலமாரியில் இருந்த பெரிய பெட்டி முழுவதும் மில்லிமீட்டர். அரை அங்குலம் என்பது 12.7 மி.மீ. பன்னிரண்டு ஏறாது, பதின்மூன்று தொளதொளவென்று ஏறும். 0.3 மி.மீ. என்பது காகிதத்தில் ஒன்றுமில்லை. முப்பது ஆண்டுத் துருவில் இறுகிய நட்டில், அதன் ஆறு மூலைகளையும் உருட்டி எடுத்துவிட அது போதும். பிரேக் பின்தட்டில் ஏற்கெனவே இரண்டு நட்டுகள் அப்படி வட்டமாகியிருந்தன. முக்கால் அங்குலம் 19.05 மி.மீ. என்பதால் பத்தொன்பது பொருந்திவிடும். ஐந்துக்கு எட்டு அங்குலம் 15.88, பதினாறு ஏறக்குறைய சரி. இந்தத் தற்செயல் பொருத்தங்கள்தான் எல்லாமே பொருந்தும் என்ற நம்பிக்கையைக் கொடுத்துவிடுகின்றன.

ஆகவே அங்குல ரிங் ஸ்பேனர் ஒரு வரிசை, அங்குல சாக்கெட் எட்டுத் துண்டுகள் மட்டும். சாக்கெட் ஆறு மூலை உள்ளதாக இருக்க வேண்டும். பன்னிரண்டு மூலை உள்ளது மாட்டுவதற்கு எளிது, ஆனால் தேய்ந்த நட்டில் நழுவும். ஸ்விஃப்ட்டுக்கு 8, 10, 12, 14, 17, 19 இருந்தால் வீட்டில் செய்யும் வேலையில் பெரும்பகுதி முடிந்துவிடும். இருநூறு துண்டுப் பெட்டியில் ஓராண்டில் எவற்றை எடுத்தார் என்று குறித்து வைக்கச் சொன்னேன். பதினேழு துண்டுகள்.

இம்பாக்ட் ரெஞ்ச் பற்றி எனக்கும் அவருக்கும் சிறு வாக்குவாதம். கழற்றுவதற்கு அது நல்ல துணை, மறுக்கவில்லை. ஆனால் சக்கர நட்டை அதனாலேயே முடுக்கிவிடுகிறார்கள். அவருடைய ஸ்விஃப்ட்டின் கையேட்டில் 85 நியூட்டன் மீட்டர் என்று இருக்கிறது. அரை மீட்டர் நீளக் கைப்பிடியின் நுனியில் ஏறக்குறைய பதினேழு கிலோ பாரம் கொடுத்தால் வரும் இறுக்கம் அது. இயந்திரம் அதைப்போல் மூன்று மடங்கைக் கண்மூடித் திறப்பதற்குள் கொடுக்கும். போல்ட்டின் மரை நீளும், டிஸ்க் கோணும். நடுவழியில் டயர் பஞ்சரானால், டிக்கியில் இருக்கும் சிறு ஸ்பேனரால் வீட்டுப் பெண்கள் அதைக் கழற்றவே முடியாது. இறுக்கத்தை 40 முதல் 210 நியூட்டன் மீட்டர் வரை அளந்து முடுக்கும் அரை அங்குல டார்க் ரெஞ்ச் வாங்கினோம். அதைக் கழற்றுவதற்குப் பயன்படுத்தக் கூடாது. வேலை முடிந்ததும் அளவைக் கீழ் எண்ணுக்குத் திருப்பி வைக்க வேண்டும், இல்லாவிட்டால் உள்ளே இருக்கும் சுருள்வில் களைத்துவிடும். அம்பாசிடரின் பழைய கையேடு அளவுகளைப் பவுண்டு அடியில் சொல்கிறது. அதை 1.356 ஆல் பெருக்கினால் நியூட்டன் மீட்டர். பெருக்கி எழுதிய தாளைச் சட்டம் போட்டுச் சுவரோரம் நிறுத்தியிருக்கிறார்.

சுவரில் மாட்டவில்லை என்பதைக் கவனியுங்கள். ஸ்பேனர் பலகையைச் சுவரில் அடிக்க அவர் துளைபோடும் இயந்திரத்தோடு நின்றபோது அப்பச்சி தடுத்துவிட்டார். "தம்பி, இந்தச் சுண்ணாம்பை இன்று அரைத்துப் பூச ஆள் இருக்கிறானா? துளை போட்டால் பாளமாகப் பெயரும்." அவர் சொன்னது சரி. இரும்புக் கோணத்தில் தனியே நிற்கும் தாங்கி செய்தோம். அதிலேயே பொருளை இறுகப் பிடிக்கும் நான்கு அங்குல வைஸ் ஒன்றைப் பொருத்தியது நல்ல முடிவு. சுவரை நம்பாத மேசை, தேவையான இடத்துக்கு இழுத்துக்கொள்ளலாம்.

அப்பச்சி கேட்ட இரண்டை நான்தான் தடுத்தேன். ஒன்று, பழைய பட்டறைகளில் வண்டிக்கு அடியில் நின்று வேலை பார்க்க இருந்த குழி. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, குழியில் தேங்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஊற்றும் கசியும். இரண்டாவது, இரட்டைத் தூண் லிஃப்ட். அதன் பாதங்களை நங்கூரமிடக் குறைந்தது 100 மி.மீ. கெட்டியான காங்கிரீட் வேண்டும். இங்கே கல்லுக்குக் கீழே இருப்பது சுண்ணாம்புச் செங்கல் சரளை. ஓட்டுக் கூரையின் உயரமும் போதாது.

காற்றுக் கம்ப்ரசரையும் அப்போது வேண்டாம் என்றேன். காரணம் மின்சாரம். ஷெட்டில் இருந்தது வீட்டின் பழைய கம்பியிலிருந்து இழுத்த ஒரு விளக்கும் ஒரு ஐந்து ஆம்பியர் பிளக்கும், எர்த் கிடையாது. இரண்டு குதிரைத்திறன் மோட்டார் தொடங்கும் நொடியில் இழுக்கும் மின்னோட்டத்தை அந்தக் கம்பி தாங்காது. மூலையில் தேக்கு உத்தரம் இருக்கும் வீட்டில் கம்பி சூடாவதை யோசிக்கவே எனக்கு அச்சம். முதலில் தனியாக 16 ஆம்பியர் லைன், எர்த், 30 மில்லி ஆம்பியரில் துண்டிக்கும் பாதுகாப்பு ஸ்விட்ச், நான்கு நீள விளக்குகள். கருவிப் பட்டியலில் மின்வேலையை யாரும் எழுதுவதில்லை. இந்த ஷெட்டில் மிகப் பெரிய தனிச் செலவு அதுதான், அதற்குக் கொடுத்த ஒவ்வொரு ரூபாயும் தகும்.

இனி, நிற்கும் காரின் விஷயம். செட்டிநாட்டு வீடுகளின் தனித்தன்மை இது. வீட்டுக்காரர் வெளியூரில். கார் மாதக்கணக்கில் ஷெட்டில். திருமணம், சாந்தி, திருவிழா என்றால் வீடும் திறக்கும், காரும் வெளியே வரும். ஓடிக் கெடும் வண்டிக்கும் நின்று கெடும் வண்டிக்கும் வேண்டிய கருவிகள் ஒன்றல்ல. பாலிஷ் இயந்திரத்தை எழுதுகிறவர்கள் பேட்டரி சார்ஜரை மறக்கிறார்கள். ஈய அமில பேட்டரி முழுதாக நிரம்பியிருந்தால் 12.6 வோல்ட் காட்டும். 12.2க்கு இறங்கினால் பாதி தீர்ந்துவிட்டது. அப்படியே மாதங்கள் கிடந்தால் தகடுகளில் படிகம் படிந்து, பிறகு எவ்வளவு ஏற்றினாலும் பழைய வலு வராது. நிரம்பியதும் தானே மெல்லிய மின்னோட்டத்துக்கு மாறிக்கொள்ளும் சார்ஜர் ஒன்று வாங்கினோம். மாதம் இருமுறை மாட்டிவிடப் பெரியவர் கற்றுக்கொண்டார். ஒரு மல்டிமீட்டரும் அவர் கையில். வோல்ட்டைப் படித்து மகனுக்குத் தொலைபேசியில் சொல்லிவிடுகிறார்.

நான்கு ஸ்டாண்டுகள் எதற்கென்றால் இதற்குத்தான். வண்டியை நான்கிலும் ஏற்றி வைத்தால் டயர் ஒரே இடத்தில் அழுந்தித் தட்டையாவதில்லை. மாதம் ஒரு முறை சக்கரத்தைக் கையால் சுற்றிவிடலாம், பிரேக் பிடித்துக்கொண்டதா என்பதும் அப்போதே தெரிந்துவிடும். பிரேக் எண்ணெய் காற்றின் ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. அன்று கசிந்த சிலிண்டரைப் பிரித்தபோது உள்சுவரில் துருக்குழிகள் இருந்தன. ஓட்டத்தால் தேய்ந்தது அல்ல. நின்றதால் அரித்தது.

துரு என்றதும் ஒன்று. காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. வள்ளல் அழகப்பர் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து ஊருக்குக் கொண்டுவந்தது. 1948இல் நேரு அடிக்கல் நாட்டினார், 1953இல் திறந்தார்கள். இரும்பின் அரிமானத்தை ஆராய்வது அதன் முக்கியப் பணிகளில் ஒன்று. இப்படியொரு நிலையம் உள்ள ஊரைச் சுற்றி, ஸ்பேனர்களை ஈரத் துணியில் சுற்றி வைக்கும் வீடுகள் இன்னும் இருப்பது எனக்கு வருத்தம் தருகிறது. காற்றின் ஈரப்பதம் அறுபது விழுக்காட்டைத் தாண்டும்போது துரு வேகம் பிடிக்கிறது. மழை மாதங்களில் அதற்குக் குறைவான நாள் அரிது. வேலை முடிந்ததும் வியர்வையைத் துடைத்து, எஞ்சின் எண்ணெய் தொட்ட துணியால் ஒரு தடவு தடவி, மூடும் பெட்டியில் வையுங்கள். வேறு எதுவும் வேண்டியதில்லை.

பழைய எஞ்சின் எண்ணெய்க்கு எட்டு லிட்டர் தட்டும், மூடியுள்ள டின்னும். ஷெட்டின் வாட்டம் எங்கே போகிறது என்று பெரியவரோடு நடந்து பார்த்தேன். வாசல், தெருக்கால்வாய், அங்கிருந்து ஊருணி. கூரைநீரைச் சொட்டு விடாமல் ஊருணிக்குக் கொண்டுசேர்த்த முன்னோர்களின் வழி அது. அந்த வழியில் எண்ணெய் போகக் கூடாது. டின் நிரம்பியதும், உரிமம் பெற்ற சேகரிப்பாளருக்குக் கொடுக்கும் காரைக்குடிப் பட்டறைக்கு ஸ்விஃப்ட்டிலேயே போகிறது.

தை மாதம் அம்பாசிடர் ஓடியது. அப்பச்சியும் ஆச்சியும் பின்னிருக்கையில். பிரேக்கை மட்டும் நான் மீண்டும் ஒரு முறை சோதித்த பிறகே வண்டி தெருவுக்கு வந்தது. பின்தட்டை லேத் பட்டறையில் நிமிர்த்தினார்கள், சிலிண்டர்கள் புதியவை.

என் ஆலோசனையில் ஒன்று சரியாக அமையவில்லை. கம்ப்ரசர் வேண்டாம் என்று சொன்னது தொடக்கத்துக்குச் சரி. லைன் வந்த பிறகும் அதே முடிவில் இருந்துவிட்டேன். பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்புரேட்டரின் துளைகளைச் சுத்தம் செய்ய அழுத்தக் காற்று தேவை. கையால் அடிக்கும் பம்பில் அது ஆகவில்லை, ஊசியை விட்டுக் குத்தியதில் ஒரு துளை பெரிதாகி வண்டி பெட்ரோலை அதிகம் குடித்தது. மாசியில் 25 லிட்டர் தொட்டியுள்ள சிறிய கம்ப்ரசர் வந்தது. புதிய துளைக்குழலும் வாங்க வேண்டியதாயிற்று. கார்புரேட்டர் வண்டி வைத்திருப்பவர்கள் மின்லைனை முடித்த கையோடு கம்ப்ரசரை எழுதிக்கொள்ளுங்கள்.

கிரீஸ் கன் ஆரம்பத்திலேயே வாங்கினோம், சொல்ல விட்டுப்போயிற்று. அம்பாசிடரின் முன்புற சஸ்பென்ஷனில் கிரீஸ் முனைகள் பல உண்டு. ஸ்விஃப்ட்டில் இல்லை. தீயணைப்பான் நான்கு கிலோ உலர்தூள் வகை, வாசலுக்கு அருகில். உள்மூலையில் வைத்தால் தீயைத் தாண்டிப் போய் எடுக்க வேண்டியிருக்கும்.

உடைந்த பூக்கல்லை மாற்ற ஆத்தங்குடியில் அதே வார்ப்பில் ஆறு கல் செய்யச் சொல்லியிருக்கிறார் அப்பச்சி. ஜாக்கி உருளும் தடத்தில் மட்டும் கல்லை எடுத்துவிட்டு, இரண்டடி அகலத்துக்குக் காங்கிரீட் பட்டை போடலாம் என்பது என் யோசனை. அவர் இன்னும் சம்மதிக்கவில்லை. அதுவரை இரும்புத் தகடு.